பதம் ஏறாத தோல்

ஆம்பூரில் எனக்குத் தண்ணி வாட்ச் நந்தகோபால் என்று பெயர். புதிதாகக் கேட்பவர்கள் ஆள் பெரிய குடிகாரன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நான் காபியே அரை டம்ளர்தான் குடிப்பேன். கடலில் முக்குளிக்கிற தொழில்காரர்கள் கையில் கட்டிக்கொண்டு இறங்கும் பழைய வாட்ச்களைத் தேடிச் சேர்ப்பதுதான் என் பைத்தியம். பாலாற்றிலேயே தண்ணீர் பார்க்க முடியாத ஊரில் இதென்ன ஆசை என்று என் மனைவி பங்கஜம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

டேனரியில் எனக்குத் தோலைத் தரம் பிரிக்கிற வேலை. ஏற்றுமதிக் கட்டுகளோடு மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போகும்போதெல்லாம் கப்பல்காரர்களிடம் நைசாகப் பேசி ஒவ்வொன்றாக வாங்கினேன். கறுத்த முகம், இருட்டில் ஒளிரும் முள், தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளத் திருப்பி வைக்கிற வளையம். இதில் சில மாதிரிகள் கடைக்கே வருவதில்லை. அப்படிப்பட்ட ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டால் எனக்குச் சாப்பாடு மறந்துவிடும்.

தணிகைவேலின் கையில் இருந்தது அந்த ரகம். அவன் அணைக்கட்டுப் பக்கத்துக்காரன். பம்பாயில், மூழ்கிய கப்பல்களைத் தூக்குகிற ஒரு கம்பெனியில் முக்குளிப்பவனாக இருந்துவிட்டு ஊரோடு வந்தவன். கிணறுகளில் விழுந்த குடத்தையும் மோட்டார் சாமானையும் எடுத்துக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தான். கடலுக்கடியில் மயங்கிப்போன ஓர் இத்தாலிக்காரரை அவன் மேலே இழுத்து வந்தானாம். அதற்காக அவர் தன் கையிலிருந்து கழற்றி இவன் கையில் கட்டிவிட்ட வாட்ச் அது. அந்த மாதிரியை நான் அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன்.

கேட்டேன். எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன்.

"உசுருக்குப் பதிலா குடுத்தது சார் இது. விக்கிற சாமான் இல்ல. சும்மா பேஜார் பண்ணாதீங்க," என்று சிரித்தான்.

அவன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அந்த வாட்ச்சின் ரப்பர் ஸ்ட்ராப் வெடித்து இற்றுப்போயிருந்தது. அதற்குப் பதிலாக நானே ஒரு தோல் ஸ்ட்ராப் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆம்பூர்க்காரன் அன்பாகக் கொடுப்பது தோலாகத்தான் இருக்கும், அதை யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

"தோலு தண்ணில நிக்குமா சார்?" என்று கேட்டான்.

"நம்ம ஊரு தோலு தணிகை. நீ தேஞ்சாலும் அது தேயாது," என்றேன்.

அது நிற்காது. மேலே பளபளவென்று பாலிஷ் ஏறி, நடுவில் பதம் ஏறாமல் பச்சையாகவே நின்றுவிட்ட தோல் அது. ஒதுக்கிப் போட்ட கட்டிலிருந்து பார்த்துப் பார்த்து எடுத்தேன். காய்ந்திருக்கும்வரை ராஜா மாதிரி இருக்கும், நன்றாக ஊறினால் கொழகொழத்துப் பிய்ந்துவிடும். அந்த மாதிரித் தோலைக் கண்டுபிடித்து ஒதுக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரு தோல்காரனாக அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் போட்ட கணக்கு இவ்வளவுதான். வாட்ச் கிணற்றில் விழும். அவன் தேடிப் பார்த்துவிட்டு மனம் சலித்து விட்டுவிடுவான். தண்ணீர் அந்த வாட்ச்சை ஒன்றும் செய்யாது, பிறகு ஒருநாள் கிணற்றை இறைத்து நான் எடுத்துக்கொள்வேன். விழுந்து கிடப்பதை எடுப்பதை யாரும் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள். ஊரான் கிணற்றில் விழுந்தால் இறைக்க முடியாது என்பதால், என் மைத்துனர் சாமிநாதனின் கிணற்றிலேயே அவனுக்கு வேலை ஏற்பாடு செய்தேன். சரிந்து விழுந்த கற்களை எடுக்கிற வேலை. நாள் முழுக்க மூழ்கி எழ வேண்டியிருக்கும், ஸ்ட்ராப் நன்றாக ஊறும்.

எழுபத்தேழாம் வருஷக் கார்த்திகை அது. நல்ல மழை பெய்து கிணறு ததும்பிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குமேல் படிக்கு வந்தவன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தான்.

"ஐயோ, வாட்ச்ச காணோம் சார்."

அவன் என்னைக் குறை சொல்லவில்லை. கல்லில் உரசி அறுந்திருக்கும், ஆசையாகச் செய்து கொடுத்ததைத் தொலைத்துவிட்டேனே என்று என்னிடமே வருத்தப்பட்டான். திரும்பத் திரும்ப மூழ்கித் தேடினான். கடைசியாக இறங்கியவன் மேலே வரவில்லை. நான் கத்திய கத்தலில் கொல்லையிலிருந்தவர்கள் எல்லாம் ஓடிவந்தார்கள்.

மறுநாள் மோட்டார் வைத்து இறைத்தோம். பாறை இடுக்கில் அவன் தோள் சிக்கியிருந்தது. மூடிய விரல்களுக்குள் வாட்ச் இருந்தது, ஓடிக்கொண்டும் இருந்தது.

போலீசிடமும் அவன் மனைவி கமலவேணியிடமும் நான் ஒரே மாதிரிதான் சொன்னேன். "போதும், மேல வந்துடுன்னு எவ்ளோவோ சொன்னேன். கேக்கல." காரியம் முடிந்த அன்று அவள் அந்த வாட்ச்சைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"இத்த ஊட்ல வெச்சிக்க என்னால ஆவாதுண்ணா. அவரு மேல உசுரா இருந்தீங்க, நீங்களே வெச்சிக்குங்க."

வாங்கிக்கொண்டேன். ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு நான் கூடப்பிறந்தவன் மாதிரி. ஒவ்வொரு அறுவடைக்கும் வேர்க்கடலை வந்துவிடுகிறது. பங்கஜம் வறுத்து வைப்பாள், நான் ஒன்றைக்கூட எடுத்து வாயில் போடுவதில்லை. இப்போது மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறாள், தாய்மாமன் சீர் நான்தான் செய்ய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மாப்பிள்ளைக்குப் புதிதாக ஓர் எச்.எம்.டி. வாட்ச் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனாலும் அந்த மேடையில் ஏறி நிற்பதை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. அதனால்தான் உங்களிடமாவது நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்.

போதும், மேலே வா என்று நான் சொல்லவில்லை. கடைசியாக இறங்குவதற்கு முன்பு அவனாகவே படியேறி வந்து உட்கார்ந்துவிட்டான். உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

"தெம்பு இல்ல சார். நாளைக்கு மோட்டார் வெச்சி எறச்சா கெடச்சிடும். எங்க போயிடப் போவுது?" என்று சட்டையை எடுத்தான்.

அவன் சொன்னது சரிதான். இறைத்தால் கிடைத்துவிடும், கிடைத்தால் அவன் கைக்குத்தான் போகும். அதற்குப் பிறகு அவன் தோல் ஸ்ட்ராப் கட்டவே மாட்டான்.

"அந்தப் பாற இடுக்குல மட்டும் இன்னொரு தபா பாத்துடு தணிகை," என்றேன்.

சார் சொல்கிறாரே என்று சட்டையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினான். தெம்பு இல்லை என்று அவன் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது.