இன்னுங் கொஞ்சம் பின்னால

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் பால் கூடுதலாகவே வாங்குவோம், ஐயா. சாயங்காலப் படத்துக்கு வில்லாபுரத்தில் எங்கள் தெருவே வந்து உட்காரும். பெரியவர்களுக்காவது ஒரு வாய் காபி கொடுக்காவிட்டால் நன்றாக இருக்காது. கொடைக்கானலிலிருந்து வரும் ஒளிபரப்பைப் பிடிக்க அந்தத் தெருவில் முதலில் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டியவன் நான்தான். வாசலில் குவியும் செருப்புகளைப் பார்த்து என் மனைவி நாகலக்ஷ்மி சலித்துக்கொள்வாள். எனக்கு அந்தச் சலிப்பு பிடிக்கும்.

நாங்கள் மாடியில் இருக்கிறோம். எங்கள் கீழ்வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தவன் நல்லகாமன். திருமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பம். இங்கே உரக்கடை வைத்திருந்தான். நல்ல மனிதன், அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஒருநாள் கலர் டி.வி.யோடு ஆட்டோவில் வந்து இறங்கினான்.

"வாத்தியாரய்யா, ஒங்க ஆன்டெனாவுலருந்தே எங்களுக்கும் ஒரு வயரு இழுத்துக்கிறட்டுமா? இம்புட்டு ஒசரக் கம்பம் வேற யாருகிட்ட இருக்கு?"

நானே ஏணியைப் பிடித்துக்கொண்டேன். வயரைப் பிரித்து இரண்டு பெட்டிக்கும் கொடுத்ததும் என் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் புள்ளி விழ ஆரம்பித்தது. அவன் பெட்டியிலும் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் சேலை சிவப்பாகத் தெரிந்தால் புள்ளியை யார் பார்க்கிறார்கள்? அடுத்த ஞாயிறு தெரு முழுக்கக் கீழ்வீட்டில் உட்கார்ந்தது. நாகலக்ஷ்மியும் காபித் தூக்கோடு இறங்கிப் போனாள். பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். நான் கணக்கு வாத்தியார். ஒன்றை இரண்டாக வகுத்தால் ஆளுக்குப் பாதி வர வேண்டும். எனக்கு அந்தப் பாதி வரவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டில் புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டி மறைக்கிறது, கம்பத்தை நகர்த்தினால் இரண்டு வீட்டிலும் படம் தெளியும் என்று நான்தான் யோசனை சொன்னேன். நல்லகாமனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அந்த ஞாயிறு மத்தியானமே மொட்டைமாடிக்கு ஏறிக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். அவன் மனைவி முத்துத்தாய் கீழே டி.வி. முன்னால் நின்றாள். அவள் குரல் மாடிக்கு எட்டாது என்பதால் கொல்லையில் நான் நின்றேன். அவள் சொல்வதை வாங்கி நான் மேலே சொல்ல வேண்டும். எல்லா வீட்டிலும் இப்படித்தானே ஆன்டெனா திருப்புகிறோம்.

"தெரியுதா, வாத்தியாரய்யா?"

"இல்லப்பா. இன்னுங் கொஞ்சம் பின்னால போ."

கம்பத்தைப் பிடிப்பவன் கண் கம்பத்தின் உச்சியில்தான் இருக்கும். மாடியின் கொல்லைப் பக்கத்துக்கு நான் இன்னும் கைப்பிடிச் சுவர் எடுக்கவில்லை. நின்ற இடத்திலிருந்து அவன் குதிகால் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

உள்ளேயிருந்து முத்துத்தாய் கத்தினாள். "போதும்னு சொல்லுங்க! பளிச்சுன்னு தெரியுது!"

நான் மேலே பார்த்து, "இன்னும் ஒரு எட்டு வை, நல்லகாமா" என்றேன்.

துவைக்கிற கல்லில் விழுந்தான். நான் அவனைத் தொடவே இல்லை.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானாக ஸ்டேஷனுக்கு வந்ததற்குக் காரணம் முத்துத்தாய். "நா இன்னுஞ் சத்தமாச் சொல்லிருந்தா எம் மனுசன் நின்னுருப்பாரே" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி மாரில் அடித்துக்கொள்கிறாள். அவள் சொன்னது எனக்குத் தெளிவாகவே கேட்டது. தப்பான விடையைத் திருத்தாமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை.

அவன் காரியம் முடிவதற்குள் புதுக் கம்பம் நட்டேன். வயர் ஒன்றே ஒன்று, என் பெட்டிக்கு மட்டும். நேற்று ஞாயிறு. படத்தில் ஒரு புள்ளி இல்லை. பால் கூடுதலாக வாங்கி வைத்து, கதவை அகலத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் மேலே வரவில்லை. எட்டிப் பார்த்தேன், ஐயா. தெருவே துக்கம் கேட்க வந்திருந்தது. செருப்பெல்லாம் அவன் வாசலில்தான் கிடந்தன.