நான் போற வீட்ல எல்லாம் காய்ச்சல்

...நான் என்னம்மா கொசுவா? நீயே சொல்லு! கூடப்பொறந்த தம்பி போன்ல சொல்றான், "அக்கா, கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராத, நீ வந்துட்டுப் போனாலே டெங்கு வருது"ன்னு! பல்லு மேல நாக்கப் போட்டு சொல்றான்! பை இடிக்குதா? இந்தா, என் பக்கம் தள்ளிக்கிறேன். பஸ்ஸுல சீட்டா வச்சிருக்கான், பலகை!

மொதல்ல வந்தது எனக்குத்தான். எலும்பெல்லாம் கழட்டிக் கழட்டி மாட்டுன மாதிரி வலி. டாக்டர் கேக்குறாரு, "வெளிநாடு எங்கயாவது போனீங்களா?" வெளிநாடா! நான் பக்கத்துத் தெரு கல்யாணத்துக்கே யோசிச்சுப் போறவ. இல்லைன்னேன். "அப்ப உள்ளூர் கொசுதான்"ன்னாரு. என்னவோ உள்ளூர்னா மட்டம் மாதிரி!

தனியா கெடக்க முடியாம, காய்ச்சலோடவே அக்கா வீட்டுக்குப் போனேன். மூணு வாரம். கெளம்புறதுக்குள்ள அக்கா, மாமா, மாடி வீட்டுக்காரரு... வரிசையா படுத்துட்டாங்க. சரி, நோயாளி வீட்ல நாம எதுக்கு பாரமான்னு தம்பி வீட்டுக்குப் போனா, அங்கயும்! தம்பி பொண்டாட்டி, "அண்ணி, உங்க ராசி..."ன்னு இழுக்குறா. ராசியாம்! வெறுங்கையோடவா போனேன்? வீட்டுக்கு ஒரு மணி பிளான்ட், பாட்டில்ல தண்ணி ஊத்தி நானே வளத்தது. "தண்ணிய மட்டும் மாத்திடாதீங்க, வேர் கோச்சுக்கும்"னு பக்குவமா சொல்லிட்டுல்ல வந்தேன்!

இப்ப மக வீட்டுக்குப் போறேன். பேத்தி பொறந்து பதினெட்டு நாள் ஆகுது. அவளுக்கும் ஒரு பாட்டில்... இரு, எடுத்துக் காட்டுறேன். எப்படி தளதளன்னு இருக்கு பாத்தியா? உள்ள குட்டி குட்டியா துள்ளுது பாரு, உயிருள்ள தண்ணிம்மா!

ஏன் எந்திரிக்கிற? எது? கொசுப்புழுவா? சும்மா சொல்லாத... என்னது, சுகாதாரத் துறையிலயா வேலை பாக்குற? அட, புடுங்காத, நானே ஜன்னல் வழியா கொட்டிடுறேன்... கொட்டிட்டேன், போதுமா?

ஐயோ... அப்ப அக்கா வீட்ல...

இரும்மா, ஒரு போன் போட்டுக்கிறேன்.

அக்கா! நான்தான். மாமா எப்படி இருக்காரு? இன்னும் ஆஸ்பத்திரியிலதானா... அக்கா, நான் குடுத்த செடி எங்க வச்சிருக்க?

என்னது? மாமா கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கட்டும்னு வார்டுக்கேவா கொண்டு போன?

...நர்ஸம்மாவுக்குப் புடிச்சுப் போயி, கிளை ஒடிச்சு, அதே தண்ணிய பிரிச்சு ஊத்தி... கட்டிலுக்குக் கட்டிலா?