கிடைக்காததற்கும் சாட்சி

"கர்த்தர் ஊட்ல காலண்டரே கிடையாதாக்கா?"

ஆவடி ரயிலில் எதிர் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் இப்படிக் கேட்டதும் நான் செய்தித்தாளுக்குள் ஒளிந்துகொண்டேன். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

"சும்மாரு மேரி. உன் ஊட்டுக்காரருக்கு வேற கம்பெனில வேலை கெடைக்கும். கர்த்தர் அவரு வேளைல தருவாரு."

"கம்பெனிய மூடி வருசம் ஆவுது. புள்ளைங்களுக்கு வெறும் கஞ்சிதான். சபைல யார்யாரோ எழுந்து, வேலை கெடச்சுது, ஊடு கெடச்சுதுன்னு சாட்சி சொல்றாங்க. அவங்களுக்கு அல்லேலூயா சொல்லியே என் தொண்ட கட்டிக்கிச்சு."

"உனக்கும் கெடைக்கும். அப்ப நீயும் சொல்லு."

"அதுவரிக்கும் இன்னாத்துக்குக் காத்துகினு கெடக்கணும்? இந்த ஞாயித்துக்கெழமயே எழுந்து நிக்கப்போறேன். இன்னும் ஒண்ணும் தரல, ஆனாலும் நான் வந்துகினுதான் கீறேன்னு சாட்சி சொல்லுவேன்."

"ஐயோ, எல்லார் எதிர்லயுமா?"

"ஆமா. கர்த்தரும் அங்கதான வர்றாரு? கேட்டுக்கட்டும்."