வளைவில் மெதுவாகச் செல்லவும்

மாமா: அசையாதன்னு சொன்னேன்ல?

வாண்டு: நான் எங்க அசையறேன்? நான் ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கேன். என் முதுகு பிரேஸ் உங்க மேஜை மேல கிடக்கு. ஆடறது உங்க கை மாமா.

மாமா: நீ சிரிக்கிற சிரிப்புல மேஜையே ஆடுது. ஸ்டிக்கருக்கு அடியில ஒரு காத்துக்குமிழி மாட்டினா போச்சு. முதலைக்கு அம்மை போட்ட மாதிரி ஆயிடும்.

வாண்டு: முதலை முதுகு அப்படித்தான இருக்கும்?

மாமா: அதுவும் சரிதான்... ஏய், அந்தச் சூடு காத்து அடிக்கிற ஹீட் கன்னைக் கிட்டக் கொண்டு வராத! பைக் டேங்க்குன்னு நினைச்சியா? இது பிளாஸ்டிக். சூடு கொஞ்சம் கூடினா நெளிஞ்சிரும்.

வாண்டு: நெளியட்டுமே. என் முதுகும் நெளிசல்தானே? ஜோடிப் பொருத்தம் அமோகமா இருக்கும்.

மாமா: போடி! அந்த நெளிசலை நிமிர்த்தத்தான் உன் உடம்புக்குன்னு அச்செடுத்து இந்தக் கூட்டைச் செஞ்சு கொடுத்திருக்காங்க. இதுவும் நெளிஞ்சா டாக்டர் எனக்கும் ஒண்ணு மாட்டி விட்டுடுவாரு.

வாண்டு: உங்களுக்கு சைஸ் கிடைக்காது மாமா. தொப்பைக்குத் தனியா ஜன்னல் வெட்டணும்.

மாமா: ஒட்டறதை நிறுத்திடுவேன், பாத்துக்கோ.

வாண்டு: ஐயோ, வேண்டாம் வேண்டாம்! தொப்பையே இல்ல. எங்க தொப்பை? எனக்குத் தெரியலையே...

மாமா: அந்த பயம் இருக்கட்டும். இங்க பாரு, காத்துப் போற துளையை மட்டும் அடைக்கக் கூடாதுன்னு பிரேஸ் செஞ்சவர் சொன்னாரு. அதனால முதலையைக் கொஞ்சம் தள்ளி வெச்சு, அந்தத் துளையையே கண்ணாக்கிட்டேன். எப்படி?

வாண்டு: மாமா! முறைக்குது!

மாமா: யாரைப் பார்த்து?

வாண்டு: உங்களைப் பார்த்துதான். சாப்பாடுன்னு நினைச்சிருச்சு.

மாமா: சரி சரி, அடுத்த ஸ்டிக்கரை நகர்த்தி வைக்க சோப்புத் தண்ணியைத் தெளி. பின்பக்கம் நடுவுல என்ன வேணும்? பட்டாம்பூச்சி இருக்கு, சிறுத்தை இருக்கு. ரேஸ் பைக்குக்கு ஒட்டற நெருப்பு இருக்கு...

வாண்டு: நெருப்பு ரெண்டு பக்கமும் ஒட்டுங்க. நடுவுல... நேத்து லாரிக்காரர் ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரே?

மாமா: 'இடைவெளி விட்டு வரவும்'?

வாண்டு: அதேதான்!

மாமா: அடிப்பாவி!

வாண்டு: லைன்ல நிக்கும்போது பின்னாடி நிக்கிறவன் இடிச்சிட்டே இருக்கான் மாமா. படிச்சுத் திருந்தட்டும்.

மாமா: இரு... இதைவிட ஒண்ணு இருக்கு. எங்க வெச்சேன்... ஆங், இந்தா. மலைப்பாதையில இருக்குமே, மஞ்சள் பலகை. வளைஞ்ச அம்பு போட்டு, கீழ 'வளைவு, மெதுவாகச் செல்லவும்'னு.

வாண்டு: மாமா... இது... இது என் எக்ஸ்ரே மாதிரியே இருக்கு!

மாமா: உன் எக்ஸ்ரேயைப் பார்த்துத்தான் வெட்டினேன். அதே வளைவு. வலப்பக்கம் போயி, அப்புறம் இடப்பக்கம்.

வாண்டு: ஒட்டுங்க, ஒட்டுங்க, ஒட்டுங்க!

மாமா: குதிக்காதடி! பிரேஸ் இல்லாம குதிக்காத!

வாண்டு: இது கழட்டி வைக்கிற நேரம்தானே? டாக்டரே தினமும் கொஞ்ச நேரம் விட்டிருக்காரு.

மாமா: குளிக்கிறதுக்கு விட்டிருக்காரு. குட்டிக்கரணம் போட இல்ல.

வாண்டு: மாமா... உங்க போன் அடிக்குது. அம்மா!

மாமா: எடு. சாதாரணமா பேசு.

வாண்டு: நீங்க எடுங்க. எனக்குச் சிரிப்பு வரும்.

மாமா: ஹலோ... சொல்லுக்கா... இங்கதான் இருக்கா... ஆங், போட்டிருக்கா, போட்டிருக்கா. ராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கா... என் குரலா? நடுங்கலையே... மெஷின் ஓடுதுக்கா, அதான்... நீ எங்க இருக்க?... எங்க?... தெருமுனைலயா? ஓ... வா, வா...

வாண்டு: இங்க வராங்களா!

மாமா: மாட்டு, மாட்டு, சீக்கிரம் பிரேஸை மாட்டு!

வாண்டு: எப்படி மாட்டறது? சோப்புத் தண்ணியே காயல, நெருப்பு வழுக்கிட்டுப் போகுது!

மாமா: அப்போ அந்த பைக் கவரைப் போட்டு மூடு. நீ... நீ சட்டைக்குள்ள எதையாவது... இந்தா, இந்த நம்பர் பிளேட்டை முதுகுல சொருகிக்கோ.

வாண்டு: யாரோட நம்பர் இது?

மாமா: பால் வண்டிக்காரரோடது. ஜாதகமா பார்க்கப் போற? சொருகுடி!

வாண்டு: ஆ! ஜில்லுன்னு இருக்கு... மாமா, கூசுது...

மாமா: சிரிக்காத. மூஞ்சியை சோகமா வெச்சுக்கோ... வாக்கா! வா, வா, உட்காரு.

அம்மா: ஏன்டா வாசல்லயே நிக்கிற? என்ன, ரெண்டு பேரும் திருதிருன்னு முழிக்கிறீங்க?

வாண்டு: ஒண்ணுமில்லம்மா. நிமிர்ந்து... நிமிர்ந்து உட்கார்ந்திருக்கேன்.

அம்மா: அதான் பார்க்கிறேனே. இன்னைக்கு என்ன இப்படி விறைச்சிட்டு... என்னடி இது? தட்டினா டங்குன்னு சத்தம் வருது?

மாமா: பிளாஸ்டிக் இறுகியிருக்கும்க்கா. குளிருக்கு.

அம்மா: வெயில் மண்டையைப் பிளக்குது, குளிராம்! சரி, இதைப் பாரு கண்ணு. புதுச் சட்டை தச்சு முடிச்சிட்டேன். பின்னால மடிப்பு வெச்சு, தோள்ல கொஞ்சம் தளர்வா விட்டிருக்கேன். இதைப் போட்டா உள்ள என்ன இருக்குன்னு ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது.

மாமா: இதோட எத்தனை சட்டைக்கா தச்சிட்ட?

அம்மா: எத்தனை தச்சா என்ன? பொம்பளப் பிள்ளைக்குக் கூச்சமா இருக்கும்ல? போ, அந்தப் பக்கம் போய் மாத்திப் பார்த்துட்டு வா.

வாண்டு: அப்புறமா மாத்தறேன்மா...

அம்மா: எழுந்திருடி... என்ன அது? என்ன கீழ விழுந்துச்சு?

வாண்டு: பால் வண்டி.

அம்மா: என்னது?

மாமா: அக்கா, நான் சொல்றேன். கோபப்படாத...

அம்மா: பிரேஸ் எங்கடா?

மாமா: பத்திரமா இருக்கு. அந்தக் கவருக்குள்ள... மெதுவா எடுக்கா, ஈரம் காயல...

அம்மா: இது என்னடா, மேல ஒட்டியிருக்கு?

வாண்டு: அம்மா...

அம்மா: ...முதலை.

வாண்டு: ஆமாம்மா.

அம்மா: நெருப்பு... 'வளைவு, மெதுவாகச் செல்லவும்'... டேய், உனக்கு அறிவிருக்கா? அது சின்னப் பிள்ளை, கேட்கும். நீ மாடு மாதிரி வளர்ந்திருக்கியே? அதை வெளிய தெரியாம வெச்சுக்க நான் படாத பாடு படறேன், நீ தம்பட்டம் அடிக்கிறியா? நாலு பேர் பார்த்தா என்ன ஆகும்?

வாண்டு: பார்த்தாச்சும்மா.

அம்மா: யாரு?

வாண்டு: எல்லாரும்.

அம்மா: எல்லாரும்னா?

வாண்டு: எங்க கிளாஸ் மொத்தமும். போட்டுட்டுப் போன ரெண்டாவது நாளே தெரிஞ்சிருச்சு. பந்து வந்து முதுகுல பட்டுச்சா... டொக்குன்னு சத்தம். எல்லாரும் ஓடி வந்துட்டாங்க. 'உனக்கு வலிக்கலையா?'ன்னாங்க. 'இன்னொரு வாட்டி அடிங்க'ன்னேன்.

மாமா: சிரிக்காதடி, அம்மா மூஞ்சியைப் பாரு.

அம்மா: அழலையா நீ?

வாண்டு: அன்னைக்கு வீட்டுக்கு வர்ற வழியில கொஞ்சம் அழுதேன். அப்புறம் மறந்துட்டேன். இப்போ பின் பெஞ்சுக்காரி மதியம் என் முதுகுல தாளம் போடுவா, நாங்க பாடுவோம். அந்த முதலை அவ கேட்டது. நெருப்பு அந்த இடிக்கிற பையன் கேட்டது.

அம்மா: நான் டீச்சர்கிட்ட சாதாரண முதுகு வலின்னுதானே சொல்லி வெச்சிருந்தேன்?

வாண்டு: தோள்பக்கம் மஞ்சள் நட்சத்திரம் தெரியுதா?

அம்மா: ஆமா.

வாண்டு: அது டீச்சர் கேட்டது.

அம்மா: டேய்... உனக்கும் இதெல்லாம் தெரியுமா?

மாமா: போன வாரமே பிள்ளைங்க கூட்டமா கடைக்கு வந்துட்டாங்கக்கா. எனக்கு இது, எனக்கு அதுன்னு ஒரே அடிதடி. ஒரு கல்யாண வண்டிக்கு ஒட்ட வேண்டிய வேலை, அதையே தள்ளி வெச்சிட்டேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இவதான் சத்தியம் வாங்கினா.

அம்மா: ஏன் கண்ணு? என்கிட்ட ஏன் மறைச்ச?

வாண்டு: நீ ராவெல்லாம் கண் முழிச்சு சட்டை தைக்கிற. நான் போட்டுட்டுக் கிளம்பும்போது சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, 'தெரியல, தெரியல'ன்னு எவ்வளவு சந்தோஷமா சொல்ற... எப்படிம்மா சொல்றது?

மாமா: ஸ்கூல் வாசல் வரைக்கும் அந்தச் சட்டை, உள்ள போனதும் பிரேஸை அதுக்கு மேல மாட்டிக்கிட்டு கச்சேரி. அதானடி?

வாண்டு: மாமா!

மாமா: சரி, நான் வாயே திறக்கல... அக்கா? என்னக்கா, சிரிக்கிறியா அழறியா? ரெண்டும் ஒண்ணா வருதே...

வாண்டு: அம்மா, எனக்குக் கூச்சமே இல்லம்மா. நிஜமா. நீ கவலைப்படாத.

அம்மா: தெரியும்டி, உனக்கு எப்பவும் கூச்சம் கிடையாது... 'குழந்தைக்கு என்னாச்சு'ன்னு வழியில யாராவது ஒருத்தர் கேட்டுட்டா அங்கேயே நின்னு அழுதுடுவேனோன்னு எனக்குத்தான் பயம். அந்தச் சட்டை எல்லாம் நான் எனக்காகத் தச்சதுடி.