அரசாணிக் கொடியை மிதிக்காதீங்க

— ஏனுங்க, பாத்து. கால எடுங்க. அது அரசாணிக் கொடிங்க, மஞ்சப் பூசணி.

— அய்யோ, கவனிக்கலீங்க. மொட்டை மாடியில அரசாணிக் கொடி கெடக்கும்னு யாருக்குங்க தெரியும்?

— பாத்தியில எடம் பத்தாம வெளிய ஓடியாந்துருச்சு. போன் பேச வந்தீங்களா? சிக்னல் அந்த மூலையிலதான் கெடைக்கும்.

— அது வந்துங்க... போனெல்லாம் இல்லீங்க. நீங்கதானுங்களே அக்ஷயா?

— நானேதான். பொண்ணு பாக்க வந்தவங்க கீழ கேசரி திங்கறாங்க, பொண்ணு மேல கொத்தமல்லி கிள்ளுது. நீங்க மாப்ளையோட சிநேகிதருங்களா?

— பொறந்ததுல இருந்தே அவன்கூடத்தானுங்க இருக்கேன்.

— நெனச்சேன். கார்ல இருந்து அத்தன பேரு எறங்குனீங்க. ஆளாளுக்கு "மாப்ள வா", "மாப்ள செருப்ப அங்க உடு"ன்னா எவரு நெச மாப்ளைன்னு எப்பிடிங்க கண்டுபுடிக்கறது? அப்பறம் அந்த வெள்ளச் சட்டை நெட்டைக்காரரப் பாத்தேன். செரி, அவருதான்னு முடிவு பண்ணிபோட்டேன்.

— போட்டோ அனுப்பியிருந்தமேங்க.

— பாக்க மாட்டேன்னுட்டேன். போட்டோவுல எல்லாரும் ஒரே ஒசரந்தானுங்க. இதுக்கு முன்னால வந்த ரெண்டு எடமும் போட்டோவப் பாத்துட்டுத் துள்ளிக்கிட்டுத்தான் வந்தாங்க. நான் எந்திரிச்சு நின்னதும், பத்து நாளைக்கு முன்னாலயே சேந்துருந்த ஜாதகம் சேராமப் போயிருச்சு. போண்டாவத் தின்னுபோட்டுக் கெளம்பிட்டாங்க.

— அதுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க.

— இன்னைக்கு எங்கம்மா உத்தரவு என்னன்னா, காப்பி குடுக்க வாரப்போ குனிஞ்சே நடக்கோணும், குடுத்ததும் வெரசா உக்காந்துக்கோணும். இந்த எடமும் தட்டிப்போச்சுன்னா அம்மா அழும். எனக்கு அதுதானுங்க தாங்காது. செரி உடுங்க. பாத்தியப் பாக்கோணும்னா பாருங்க, மிதிக்காமப் பாருங்க.

— நெம்பச் சின்னப் பாத்தியா இருக்குதுங்களே.

— துடியலூர்ல சென்ட்டு என்ன வெல விக்குது தெரியுமுங்களா? செங்கல்ல அடுக்கி மண்ணக் கொட்டுனேன், இதுதான் என்ர பண்ணையம்.

— அது வந்துங்க... இத்தனையும் ஒட்டுக்கா வெச்சா ஒண்ணுக்கொண்ணு சண்ட போட்டுக்காதுங்களா?

— ஏனுங்க போடுது? மக்காச்சோளம் நெட்டை, அதனால வடக்கோரம். வெயிலு இப்பத் தெக்க சாஞ்சு வருது, அதோட நெழலு அந்தச் செவுத்துமேலதான் உழுகும். அவரைக்கு ஏறிக்க ஒரு ஆளு வேணும், அது சோளத்தப் புடிச்சுக்கும். அரசாணி எலைய விரிச்சு மண்ணு காயாமப் பாத்துக்கும். குட்டையா இருக்கற மொளகா, கொத்தமல்லி எல்லாம் தெக்கு வரிசை.

— அவரை ஏறுனா சோளம் சாஞ்சராதுங்களா?

— சோளம் மொழங்கால் ஒசரம் வந்தப்பறந்தான் அவரைய ஊனோணும். போன தடவ அவசரப்பட்டு ஒரே நாள்ல ஊனி, மொத்தமும் படுத்துக்கிச்சு.

— எங்க தோப்புலயும் இப்பிடித்தானுங்க. தென்னையில மொளகுக் கொடி, அடியில கோக்கோ.

— நீங்களும் பொள்ளாச்சிப் பக்கமுங்களா? செரி உடுங்க, அங்க யாருகிட்டத்தான் தோப்பு இல்ல.

— அது வந்துங்க... ஒண்ணு கேக்கட்டுங்களா? மாப்ள ஒங்களவிடக் குட்டையா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

— அதெல்லாம் எனக்கு ஒண்ணுமில்லீங்க. பக்கத்துல நிக்கறப்போ என்னையக் குனியச் சொல்லாம இருந்தாப் போதும். அது கெடக்கட்டும், அந்த நெட்டைக்காரரு எப்பிடிங்க, நல்லவருங்களா? வந்ததுல இருந்து போன விட்டுத் தலையத் தூக்கல.

— நெம்ப நல்லவனுங்க. ஆனா அவனுக்குக் கல்யாணமாயி ஒரு பையன் ஸ்கூலுக்கே போறானுங்க.

— என்னங்க சொல்றீங்க?

— அவன் என்ர சிநேகிதன் சுரேந்தருங்க. நாந்தானுங்க கிருபாசங்கர்.

— செத்தேன். பொறந்ததுல இருந்தே கூட இருக்கேன்னீங்க?

— அது பொய்யில்லீங்களே. சபையில என்னையப் பாத்து வேண்டாம்னு சொல்ல ஒங்களுக்குச் சங்கடமா இருக்கும். தனியா உங்க மனசக் கேட்டுக்கிட்டு, நானே எதையாச்சும் சொல்லிக் கூட்டிக்கிட்டுப் போயரலாம்னுதான் மேல வந்தேன். நீங்க பேசப் பேச, போறதுக்கு மனசு வல்லீங்க.

— இதக் கேட்டுபோட்டுச் சொல்லுங்க. நாளைக்குச் சொந்தபந்தத்துல நாலு பேரு சிரிச்சாங்கன்னா, என்னையக் குனியச் சொல்லுவீங்களா?

— நான் தென்னந்தோப்புக்காரனுங்க. அண்ணாந்து பாத்தே பழகிட்டேன்.

— அம்மணி, அங்க என்ன பண்றே? கீழ வா, காப்பி ஆறுது. குனிஞ்சு வரோணும், நெனப்பிருக்குதா?

— வாரேம்மா. நிமுந்தே வாரேன், மாப்ளகிட்டக் கேட்டுபோட்டேன்.