வெண்பருந்து, இதழ் நூறு, கடிதப் பக்கம்

— குப்பைமே. சுத்தக் குப்பை. நூறாவது இதழாம், பெரிய இதழாம்! அஞ்சுக்கு ஒரு மார்க்கு கூட போடமாட்டேன், அவ்ளோதான். அந்தே!

— இன்னா மாமா, நேத்து திருப்பதியில ரயிலுக்கு ஓடற அவசரத்துல கடை தேடி இந்தக் காமிக்ஸ வாங்கியாந்தேன். கையில குடுத்ததும் மோந்து மோந்து பாத்த. காத்தாலைக்குள்ள வெண்பருந்து குப்பையாயிடுச்சா?

— பேப்பர் வாசனை நல்லாத்தான் இருந்துச்சு. கதை நாறுது.

— அப்படி இன்னா நாறுது? சோறு ஆறுது, துன்னுக்கினே சொல்லு.

— பசி இல்ல. வெண்பருந்துன்னா எப்படி இருக்கணும்? பறக்கணும், அடிக்கணும், போய்க்கினே இருக்கணும். இதுல ஒரே பேச்சு. படம் போடறவனுக்குக் கை சுளுக்கு போல. அந்த வில்லன் பாதரசம் இருக்கானே, அவன் மூஞ்சி நம்ம ஊரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கு மாதிரி கீது.

— பாதரசம் இந்த இதழ்ல வரானா?

— வராம? அவன் இல்லாம வெண்பருந்து ஏது?

— நான் ரயில்லியே படிச்சுட்டேன் மாமா. புத்தூரு வரதுக்குள்ள முடிச்சுட்டேன். பாதரசம் எங்கியும் வரல.

— ஒரு பக்கத்துல கூடவா?

— ஒரு பக்கத்துல கூட. நீ கதையே படிக்கல.

— மேலால பாத்தேன்.

— பொய்யி. நீ மொதல்ல எந்தப் பக்கம் பிரிப்பன்னு எனக்குத் தெரியாதா? கட்டிக்கினு ஆறு வருஷமா பாக்கறேன். வாசகர் கடிதம்.

— தெரியுதில்ல? அப்போ உன் வாயாலயே சொல்லு ரக்ஷிதா. அங்க யாரு பேரு கீது?

— என் பேரு.

— கொட்டை எழுத்துல! 'இம்மாதத்தின் சிறந்த கடிதம், ரக்ஷிதா, நகரி.' புத்தூரு ஜெகநாதன் காத்தால ஆறு மணிக்கே போன் பண்ணி சிரிக்கிறான்மே. 'இன்னா பூவராகா, உங்க வூட்டுல அசல் ரசிகர் யாருன்னு இப்பதானே தெரியுது'ன்றான். அவன் லெட்டரு ஏழு வாட்டி வந்துக்கீது. அதையே நான் பொறுத்துக்கினேன்.

— பொறுத்துக்கினியா? அஞ்சாவது வாட்டி வந்தப்போ அவன் தங்கச்சி கல்யாணத்துக்கே போகமாட்டேன்னு கதவ சாத்திக்கினு படுத்த.

— அது அன்னிக்கு தலைவலி.

— ஆமா சாமி, தலைவலி.

— சரி, வயிறு எரியுதுமே! மறைச்சு இன்னா ஆவப்போவுது? மொத இதழ்ல இருந்து படிக்கிறேன். நைனா தெலுங்கு மீடியத்துல சேத்துட்டாரு. தமிழு பேசத்தான் தெரியும். இந்த வெண்பருந்த வச்சு எழுத்துக்கூட்டித்தான் படிக்கவே கத்துக்கினேன். தறி ஓடும், ஒரு கண்ணு நூலு மேல, ஒரு கண்ணு புஸ்தகத்து மேல. இருபத்திரண்டு லெட்டர் எழுதினேன். ஒன்னாவது வந்துச்சா? நீ போன வருஷம்தான் இந்தப் புஸ்தகத்தையே தொட்ட!

— மெய்தான்.

— திருத்தணியில தமிழு படிச்ச, திருப்பதி ஜவுளிக்கடையில பில்லு போட்டு தெலுங்கும் பழகிக்கின. ரெண்டு எழுத்தும் வருதுன்ற திமிரு உனக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?

— சொன்னா நீ அனுப்ப வுடுவியா?

— வுடமாட்டேன். அந்தே!

— அதுக்குத்தான் சொல்லல. மாமா, கவர்ல அனுப்புநர்னு என் பேரு எழுதினேன். அத எடுத்து மேல போட்டுட்டாங்க.

— பின்ன யாரு பேர போடுவாங்க, பக்கத்து வூட்டுக்காரி பேரையா?

— லெட்டர்ல இன்னா கீதுன்னாவது படிச்சியா?

— உன் பேர பாத்ததுமே மூடிட்டேன். எனக்கு வேணாம்.

— நான் படிக்கிறேன், கேளு. 'ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். தொண்ணூற்றெட்டாவது இதழில் வெண்பருந்து தன் தம்பியின் சமாதியில் நின்று அழுகிறான்...'

— ஆரம்பமே சப்புன்னு கீது. இதுக்கா சிறந்த கடிதம்?

— '...முகமூடியைக் கழற்றாமலே அழுகிறான். ஐயா, முகமூடி போட்டவன் அழுதால் கண்ணீர் எங்கே போகும்? உள்ளேயே இறங்கி வாய்க்குத்தானே வரும்? அந்த உப்பை அவன் முழுங்குவதை நீங்கள் வரையவில்லை...'

— நில்லு.

— '...தறி ஓட்டுகிறவனுக்கு அது தெரியும். பஞ்சுத் தூசுக்காக மூக்கிலும் வாயிலும் துணி கட்டிக்கொண்டு...'

— நில்லுன்றேன்ல! அது என்னுது! நைனா செத்துப்போன அந்த வாரமே தறிக்குப் போனேனே, அத நெனச்சு நான் எழுதினது! போஸ்ட்டுல போடுன்னு உன் கையிலதானே குடுத்தேன்? பிரிச்சுட்டியா?

— பிரிச்சேன்.

— போடவே இல்லியா?

— அந்தக் கவர போடல.

— பிரிச்சு, பாத்து எழுதி, உன் பேர்ல அனுப்பிக்கின. கட்டின பொண்டாட்டி செய்யற வேலையாமே இது? ஜெகநாதன் கூட இத பண்ணமாட்டான்! என் நைனாவ நெனச்சு நான் அழுதத கூட வுட்டு வைக்கலியே நீ!

— கத்தாத. பக்கத்து வூட்டு துர்காதேவி அக்கா ஜன்னல் வழியா பாக்குது.

— பாக்கட்டும்! என் பொண்டாட்டி திருடின்னு தெருவுக்கே சொல்றேன்!

— சொல்லு. மொதல்ல கடைசி நாலு வரிய படி. நான் படிச்சா நம்பமாட்ட. இந்தா, நீயே எழுத்துக்கூட்டிப் படி.

— எதுக்கு?

— படி மாமா. அப்புறமா தெருவுக்குப் போ.

— 'இ... இந்தக் கடிதம் என்னுடையது அல்ல. என் கணவர் பூ... பூவராகவன் எழுதியது. நான் பார்த்து எழுதி அனுப்புகிறேன், அவ்வளவுதான். சென்னையில் பாதிப் பேருக்குத் தெலுங்கு படிக்கத் தெரியும் என்று நம்பி, அவர் தன் தமிழை எல்லாம் தெலுங்கு எழுத்தில் எழுதி உங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். இதற்கு முன் வந்த இருபத்தொரு கடிதமும் உங்கள் அலுவலகத்தில் எங்கேயாவது கிடக்கும். தெலுங்கு தெரிந்தவர் ஒருவரை உட்கார வைத்து, தயவுசெய்து... ஒன்று விடாமல் படியுங்கள்.'