பிடிச் சொற்களின் பெட்டி

– இந்த அட்டையை எங்க போடணும்ப்பா? ‘கவ்வு’ன்னு இருக்கு. சீக்கிரம் சொல்லுங்க, அச்சாபீஸ் வண்டி நாலு மணிக்கு வந்துரும்.

– தனியா வை. கவ்வுறது வாயோட வேலை, பிடிக்கிறது கையோட வேலை. அகராதிக்காரன் வீட்டுல சோறு தின்னு வளர்ந்தவளுக்கு இதுகூடத் தெரியலன்னா எப்படி?

– சோறு போட்டது அம்மாவோட தையல் மெஷின். அகராதி போட்டது தூசி.

– அதாவது, கவனி. ‘பிடி’ முதல்ல வெறும் கைவேலை. அப்புறம்தான் மனசுக்கு ஏறுச்சு. இந்தப் பாட்டு பிடிக்கும், அந்த ஆளைப் பிடிக்கும்னு. ‘பற்று’ அப்படி இல்ல. கூரையில நெருப்பு பத்தும், பக்கத்துக் கூரையிலயும் பத்தும். யாரும் பிடிக்கவே வேண்டாம், அதுவா வந்து ஒட்டிக்கும். ஆகவே, பற்று என்பது...

– மைக் இல்லப்பா இங்க. நானும் ரெண்டாயிரம் அட்டையும்தான்.

– வெளியீட்டு விழாவுல இதைத்தான் பேசப் போறேன். துணைவேந்தர் தலைமை.

– அம்மா போய் நாப்பது நாள்கூட ஆகல. அதுக்குள்ள விழா.

– அவ இருந்தா நடத்தச் சொல்லியிருப்பா.

– அவ இருந்தா முதல் வரிசையில உட்கார்ந்து நல்லாத் தூங்கியிருப்பா.

– அடுத்த அட்டையைப் படிம்மா.

– இருங்க. அந்த ஏணி எங்க?

– எதுக்கு?

– ரப்பர் புஷ் வாங்கியாந்திருக்கேன். ரெண்டு காலுக்கும்.

– இப்ப எதுக்கும்மா அது.

– அம்மா மூணு தடவை சொன்னா. ‘ஏணிக்கால் வழுக்குதுடி, கடைப்பக்கம் போனா வாங்கிட்டு வா’ன்னு. நானும் நாளைக்கு நாளைக்குன்னே ஓட்டிட்டேன். ரெண்டு துண்டு ரப்பர்ப்பா. உங்க பெட்டியைப் பரண்லேர்ந்து எடுக்க அம்மா ஏறப் போய்... நீங்க கீழ அவ்வளவு கெட்டியாப் பிடிச்சும் வழுக்கிடுச்சுன்னா, அது என் தப்புதானே?

– மனசைப் போட்டு உழப்பிக்காத.

– தூக்கமே இல்ல. கண்ணை மூடினா அந்தக் கால் தரையில இழுபடுற சத்தம் கேக்குது. நான் அங்க இல்லவே இல்ல, ஆனாலும் கேக்குது. டாக்டர் மாத்திரை குடுத்திருக்கார். பசங்களை மாமியார் வீட்டுல விட்டிருக்கு. உங்களுக்கு யாரும் சொல்லல.

– அந்த ‘வை’ அட்டையை எடு. அடுப்புல சட்டியை வைக்கிறது, குழந்தைக்குப் பேர் வைக்கிறது, ஒருத்தர் மேல ஆசை வைக்கிறது, எல்லாம் ஒரே வை. கையை விட்டாத்தான் ஒண்ணை வைக்க முடியும், கவனிச்சியா? பிடிச்சுக்கிட்டே எதையும்...

– வக்கணையாப் பேச மட்டும் வரும். ‘நீ காரணம் இல்லம்மா’ன்னு ஒரு வார்த்தை வராது.

– நீ காரணம் இல்ல.

– ஆறுதலுக்குச் சொல்றீங்க.

– ஆறுதலுக்கு இல்ல.

– சரி, விடுங்க. இது என்ன, பென்சில்ல கிறுக்கியிருக்கு? உங்க எழுத்து மாதிரியே இல்ல. உடும்பு... ‘உடும்பிக்கொள்’.

– அதை இப்படிக் குடு.

– இருங்கப்பா. ‘உடும்பு போல இறுகப் பிடி. எந்த அகராதியிலும் இல்லை. சொன்னவர், என் மனைவி.’ அடேங்கப்பா. காலமெல்லாம் ‘உனக்கு என்ன தெரியும்’னே கேட்டீங்க, கடைசியில அவ வார்த்தையும் உங்க பெட்டியில ஏறிடுச்சா?

– குடுன்னு சொல்றேன்ல.

– எப்ப சொன்னாளாம்? அப்பா... இது அன்னிக்குத் தேதி.

– பாப்பா.

– நேரமும் போட்டிருக்கீங்க. காலை பத்தே முக்கால். பத்தே முக்காலுக்கு அம்மா ஏணி மேல இருந்தா.

– ‘ஏணியை நல்லா உடும்பிக்கோங்க’ன்னா. நாப்பது வருஷத்துல அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லம்மா. எங்க மறந்துருமோன்னு...

– நீங்க ஏணியைப் பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்தீங்க?

– ஒரு கையில பென்சில், ஒரு கையில அட்டை.